மென்பொருளும் ஆறாம் வேற்றுமையும்

கணினி நிரல் ஓர் இலக்கியம் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் துணிபு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்யப்பெற்ற திருத்தத்திற்குப் பின், இலக்கியப் படைப்பு என்னும் பெயருள் கணினி நிரலையும் அடக்குகின்றது. நேற்று வெளிவந்த நாவலும் ஆலைக் கணக்கெழுதும் நிரலும் அச்சட்டத்தின் பார்வையில் ஓரினம். இதனைக் கேட்டு இலக்கியம் கற்றார் சிலர் நகைப்பர், சிலர் சினப்பர். யாம் இரண்டும் செய்திலேம். சட்டமே இலக்கியம் என்று கூறிவிட்டமையின், அதனைப் பற்றிப் பேசும் உரிமை தமிழ்த்துறைக்கும் வந்துற்றது எனக் கொண்டோம். ஆயினும் நிரலின் அகத்துட் புகுதல் எம் தொழிலன்று. நிரலைத் தருவானுக்கும் பெறுவானுக்கும் இடையே நிற்கும் முறியையும், அம்முறிக்கு நாம் இட்டு வழங்கும் 'உரிமம்' என்னும் பெயரையும், அப்பெயரை ஏலாது பிறவாறு பேசும் மக்கள் வழக்கையுமே ஈண்டு ஆராய்வாம்.

ஆய்வுக்குரிய களம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி. இதனைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லை நிலம் இது. சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பட்டறைகளும் எந்திரங்களோடு நாள்தோறும் பழகும் மக்களை உடையன; பெங்களூர்க் கணினி நிறுவனங்களுக்குச் சென்று மீள்வோரும் இங்கு வாழ்கின்றனர். எனவே பொருளைச் செய்வோர், பொருளுக்குள் நிரலை எழுதுவோர், அதனை வாங்கி ஆள்வோர் என்னும் முத்திறத்தாரின் பேச்சையும் ஓரிடத்தே கேட்கலாம்.

பிறிதொரு காரணமும் கூறுதும். ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர் இராஜாஜி. இப்பகுதி பழைய சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த காலத்து, 1916இல், சேலத்தில் தமிழ்ச் சாத்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியது. அறிவியற் சொற்களைத் தமிழிற் காண முனைந்த அம்முயற்சியில் முன்னின்றோருள் அவரும் ஒருவர். பின்னர், தொழில் தொடங்குவான் ஒவ்வொருவனும் அரசின் வாயிலில் நின்று இசைவு பெறவேண்டிய நிலையை 'லைசென்ஸ், பெர்மிட், கோட்டா' ஆட்சி என்று பெயரிட்டுக் கண்டித்தவரும் அவரே. கலைச்சொல் ஆக்கமும் லைசென்ஸ் பற்றிய கண்டனமும் ஒருவரிடத்தே பிறந்தன. எனினும் லைசென்ஸ் என்னும் சொல்லைக் கண்டனத்தில் அவ்வாறே வழங்கினார் என்பது கருதத்தக்கது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அத்தொழில் லைசென்ஸ் முறை 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கிற்று. இன்று ஓசூரில் மக்கள் முறையிடும் லைசென்ஸ் வேறு. முன்னது, செய்வானுக்கு அரசு தந்த இசைவு. பின்னது, வாங்கினானுக்குச் செய்தவன் தரும் இசைவு. சொல் ஒன்றாகவே நிற்க, தருவோனும் பெறுவோனும் மாறினர்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. அதனை வாங்கியவன் ஆணி முதல் அச்சு ஈறாக அனைத்தையும் வாங்கினான். பழுதுற்றால் புளியமரத்தடிப் பட்டறைக்காரன் பிரித்துப் பார்ப்பான்; யாரையும் கேட்க வேண்டுவதில்லை. இன்று டி.வி.எஸ்., ஏதர் ஆகியவற்றின் மின்வண்டிகள் ஓசூரிலும், ஓலாவின் வண்டிகள் போச்சம்பள்ளியிலும் உருவாகின்றன. இவை கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகளோடு புலனாகா நிரலையும் உடையன. வழிகாட்டும் நிலப்படம் முதலிய சில வசதிகள் வண்டியினுள் இருந்தும், தனியே பணம் செலுத்தினார்க்கே திறக்கும். ஏதர் நிறுவனம் இதற்குப் 'புரோ' தொகுப்பு என்றும், ஓலா நிறுவனம் 'மூவ் ஓ.எஸ். பிளஸ்' என்றும் பெயரிட்டன.

இவ்விடத்து எழுந்த வழக்கொன்று இலக்கண ஆசிரியர் கருதற்குரியது. மின்வண்டிகளுக்கு நடுவணரசு 'ஃபேம்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மானியம் வழங்கிற்று. இருசக்கர வண்டியாயின், ஆலையினின்று வெளிப்படும் விலை 1,50,000 உரூபாயைக் கடத்தலாகாது என்பது அதன் வரம்பு. மின்னேற்றியையும் மென்பொருளையும் வண்டி விலையுட் சேர்க்காது தனிப்பொருள்களாக விற்றமை பற்றிக் கனரகத் தொழில் அமைச்சகம் வினவிற்று. மேற்கூறிய மூன்றும் ஹீரோவும் ஆகிய நான்கு நிறுவனங்கள், தனியே பெற்ற தொகையைத் திருப்பித் தருவதாக 2023 மே மாதத்தில் அறிவித்தன. செய்தித்தாள்கள் இதனை மானியச் செய்தியாகவே வெளியிட்டன. எமக்கோ இது வேற்றுமை மயங்கியற் செய்தியாகப் பட்டது. வண்டி என்னும் முதற்பொருளுக்கு மென்பொருள் சினையா, அன்றி அதுவே தனித்ததொரு முதலா என்பதன்றோ ஈண்டு எழுந்த வினா?

முதல் இது, சினை இது என்பது பொருளின்கண் நிலைத்து நிற்கும் வேறுபாடன்று, சொல்லுவான் குறிப்பாற் கொள்ளப்படுவது என்பது தொல்காப்பியர் கருத்து. மலைக்குச் சினையாகிய மரம், தன் கிளைக்கு முதலாகும். இக்கருத்தின் நுட்பம் வகுப்பறையில் எளிதில் விளங்குவதில்லை. யானையையும் அதன் கோட்டையும் காட்டிக் கடந்து செல்கின்றோம். ஓசூர் வழக்கில் அது நன்கு விளங்குகின்றது. விலை கூறுங்கால் நிறுவனம் மென்பொருளை முதலாக்குகின்றது. அரசு அதனைச் சினையாக்குகின்றது. விளம்பரத்திலோ அதே நிறுவனம் மென்பொருளை வண்டியின் சினையாகவே பேசும். 'இவ்வண்டி வழிகாட்டும், இவ்வண்டி திருடனை அறிவிக்கும்' என்று சினைவினையை முதலின்மேல் ஏற்றும். ஒருவனே விற்குமிடத்து ஒன்றும் விலையிடுமிடத்து ஒன்றுமாகக் குறிப்பை மாற்றிக்கொள்வானாயின், இலக்கணம் அவனைத் தடுக்க மாட்டாது. எனினும் அவன் குறிப்பு மாறியது என்பதைக் காட்டித்தரும்.

இனி, உடைமையை உணர்த்தும் ஆறாம் வேற்றுமையை நோக்குவாம். அதன் பொருளாகிய கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். ஒருவனது கை தற்கிழமை. அவனது வீடு பிறிதின்கிழமை. நன்னூலார் தற்கிழமையைப் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்தாக விரித்தார்; பிறிதின்கிழமையைப் பொருள், இடம், காலம் என மூன்றாக உரையாசிரியர் விரித்தனர். (அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கோலாரொடு தொடர்புடைய கங்கர் குலத்தவன். ஓசூர் எல்லையைக் கடந்தால் கோலார் நெடுந்தொலைவன்று. இவ்வாய்வுக்கு அவனையும் அண்டை வீட்டானாகக் கொள்ளலாம்.) இப்பாகுபாட்டை மின்வண்டியின்மேல் வைத்துப் பார்ப்போம். வாங்கினவனது வண்டி என்பது பிறிதின்கிழமை. வண்டியது மென்பொருள் என்பது உறுப்புத் தற்கிழமை. ஒருவன் முதற்பொருளை உடையனாயின் அதனோடு ஒன்றிய சினையையும் உடையனாதல் உலகியல். மாட்டை வாங்கினான் கொம்புக்கு வேறு விலை கொடான். ஆனால் முறியோ, மென்பொருள் நிறுவனத்தது என்கின்றது. ஒன்றன் உறுப்பு, அம்முதலை உடையானுக்கு உரித்தாகாது பிறனொருவனுக்கு உரித்தாய், அம்முதலினுள்ளேயே இருத்தல் என்னும் இந்நிலை, எட்டு வகையுள் எதனுள்ளும் அடங்குவதன்று.

மக்கள் இதனை எங்ஙனம் உணர்கின்றனர்? "வண்டி நம்முது, உள்ள இருக்கிறது அவனுது" என்பது தொழிற்பேட்டைச் சாலையிற் கேட்கலாகும் பேச்சு. நம்முது, அவனுது என்னும் வடிவங்களைக் கொச்சை என்று தள்ளற்க. எழுத்துத் தமிழ் 'உடைய' என்னும் சொல்லுருபைப் பெருக வழங்கி 'அது' உருபை அருகவிட்டது. பேச்சுத் தமிழ் அவ்வுருபைச் சிறிது திரித்துக் காத்து நிற்கின்றது. அதனினும் சிறப்பு, அப்பேச்சு இரண்டு கிழமையையும் ஒரு தொடரில் நிறுத்தி முரணைக் காட்டிவிடுதல். உரிமம் என்னும் எம் கலைச்சொல் அம்முரணை மறைக்கின்றது.

வேறொரு பேச்சும் உண்டு. "போக்கியத்துக்குப் போன வீடு மாதிரி" என்பர். ஓசூரிலும் பெங்களூரிலும் பெருந்தொகையொன்றை ஒருசேரக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறுங்கால் அத்தொகையை மீளப் பெறும் முறை பெருவழக்கு. இவ்வுவமை ஓரளவே பொருந்தும். மென்பொருளுக்குக் கொடுத்த பணம் மீளாது என்பதை உவமை கூறுவாரே கூறி நகைக்கின்றனர். சிறு பட்டறைகளில் சி.என்.சி. எந்திரமும் வரைபட மென்பொருளும் வைத்திருப்போர் பேச்சு இன்னும் கடியது. விலை கொடுத்து வாங்கிய எந்திரத்தில் ஒரு செயற்பாடு பூட்டியிருத்தலும், அதனைத் திறக்க மீண்டும் விலை கேட்டலும் அவர்க்கு இயல்பாகிவிட்டன. "சாவிய அவனே வச்சுக்கிட்டான்" என்னும் அவர் கூற்றில் உருவகம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு பொருளின்மேல் இருவர்க்கு இருவேறு கிழமை இருத்தலைத் தமிழ் அறியாததன்று. பாண்டியர் செப்பேடுகளில் காராண்மை, மீயாட்சி என இருசொற்கள் பயில்கின்றன. உழுது பயன்கொள்ளும் உரிமை காராண்மை. நிலத்தின் மேலுரிமை மீயாட்சி. நிலம் கொடுத்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தானாயின் அதனை விளங்கச் சொன்னான். விலையாவணங்களோ, பொருள் அறக்கொண்டு விற்றமையையும், வேறு ஓலை காட்ட வேண்டாமையையும் வெளிப்படக் கூறும். எது கைமாறிற்று, எது மாறவில்லை என்பது மறைவின்றி நிற்கும். இக்கால மென்பொருள் முறியும் ஒருவாற்றான் மீயாட்சியை நிறுவனத்திடம் நிறுத்திக் காராண்மையை மட்டும் தருவதே. ஆயின் அதனை வாங்கினான் கடையிற் கேட்ட சொல் விற்பனை. வீட்டில் திறந்து கண்ட சொல் உரிமம்.

அச்சொல்லை இனி ஆராய்வாம். உரி என்னும் அடியினின்று உரிமை என்னும் பண்புப்பெயர் பிறந்தது. தனிமம், கனிமம், சேர்மம் என்பன போல மகர ஈறு பெற்று, உரிமையைக் காட்டும் பொருளெனப் பிற்காலத்துச் சமைந்தது உரிமம். ஆக்கம் செவ்வியது, குறை பொருளில் உள்ளது. லைசென்ஸ் என்பதன் கருத்து இசைவு. ஒருவன் தடுக்கவல்லதைத் தடாது விடுவதே இசைவு; தந்தவன் மீட்கலாம்; தருங்கால் நிபந்தனை விதிக்கலாம். உரிமை அத்தகையதன்று. அது யாரும் தந்து வருவதன்று என்னும் எண்ணம் தமிழ்ச் செவியில் நெடுங்காலமாகப் பதிந்துள்ளது. அகப்பொருளில் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்று வழங்கிய மொழி இது. ஆகவே உரிமம் பெற்றான் எனக் கேட்பான், ஏதோவொன்று தனக்கு உரித்தாயிற்று என்றே கருதுவான். உண்மையில் உரித்தாகாமையை அறிவிக்கும் முறியே அது. எல்லைக்கப்பால் கன்னடர் இதனைப் 'பரவானகி' என்பர். பாரசீகச் சொல், நம் பழைய அலுவலகத் தமிழில் வழங்கிய பரவானாவுக்கு உறவு. அயற்சொல்லாயினும் அதனுள் மேலோன் ஆணை என்னும் குறிப்பு மறையாது நிற்கின்றது. தூய சொல் பொருளை மறைக்க, அயற்சொல் அதனைக் காட்டுதலைக் கண்டு யாம் வருந்தினோம்.

முறியின் நடையையும் சிறிது காண்பாம். செய்யுட்கு உறுப்பாகக் கூற்றையும் கேட்போரையும் எண்ணியவர் தொல்காப்பியர். யார் கூற்று, யார் கேட்க நிகழ்ந்தது என்று துறை வகுத்தே அகப்பாடலை ஓதுகின்றோம். மென்பொருள் முறியில் நிறுவனம் 'நாங்கள்' என்று பேசும்; வாங்கினானை 'நீங்கள்' என்னும். பல பக்கம் இங்ஙனம் சென்று, முடிவில் ஒரு பொத்தானின்மேல் மட்டும் 'ஏற்கிறேன்' என்று கூற்று மாறும். அச்சொல்லையும் எழுதியவன் நிறுவனத்தானே. தலைவி சொல்லாததைத் தோழி அவள்மேல் வைத்துச் சொல்வதும் உண்டு. ஆனால் தோழி தலைவியின் பொருட்டுச் சொல்வாள். ஈண்டு ஒருவன் தன் பொருட்டுப் பிறன் வாயிற் சொல்லை இட்டு வைக்கின்றான். அன்றியும், இரத்தற்குரிய சொற்களாக இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்னும் மூவர்க்கும் முறையே ஈ, தா, கொடு என்பவற்றை எச்சவியல் வகுத்தது. இரப்பவனுக்கும் தன் நிலைக்கேற்ற ஒரு சொல் இருந்தது. விலை கொடுத்த வாடிக்கையாளனுக்கு இம்முறியில் இம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. 'வழங்கப்படுகின்றது' என்னும் செயப்பாட்டு வினையே யாண்டும் நிற்கும். வழங்குவான் யாவன் என்பது எழுவாயோடு உடன்மறையும்.

முறியின் சொல்லையே முடிந்த பொருளாகக் கொள்ள நீதிமன்றங்கள் இசைந்தில. ஆந்திர மாநில அரசுக்கும் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என 2004இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2021 மார்ச்சில் 'எஞ்சினியரிங் அனாலிசிஸ்' வழக்கில், அயல்நாட்டு நிறுவனத்திடம் மென்பொருட் படியைப் பெற்றுப் பயன்படுத்துவான் கொடுக்கும் தொகை பதிப்புரிமைக்கான பங்குத்தொகை ஆகாது. முறி லைசென்ஸ் எனப் பெயர் கொண்டிருப்பினும் நிகழ்ந்தது சரக்கு விற்பனையே என்று கூறிற்று. அதனால் 2011ஆம் ஆண்டுக் கருநாடக உயர்நீதிமன்றத் தீர்ப்பு மாற்றப்பட்டது. இவை வரி பற்றிய வழக்குகள். இவற்றைக்கொண்டு வாங்கினான் அனைத்தும் செய்யலாம் எனத் துணிதல் தவறு. பெயரை நோக்காது நிகழ்ச்சியை நோக்குக என்னும் நெறியை மட்டும் இவற்றினின்று கொள்வோம்.

மறுப்பாரும் உளர். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் செல்லும் நிரலாசிரியர் சிலர், "இரும்புக்கு விலை கொடுக்க மனம் வருகின்றது, எழுத்துக்கு விலை கொடுக்க மனம் வரவில்லை, அதுதான் இப்பேச்சுகளின் வேர்" என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. கள்ளப் படியை வைத்துக்கொண்டு உரிமை பேசும் பட்டறைகளையும் யாம் அறிவோம். புலவனுக்குப் பரிசில் கொடாத புரவலனைப் பழித்த மரபினர், நிரலாசிரியன் கூலியைக் குறைத்து மதிக்கலாமோ? ஆயினும் அவர்க்கும் ஒன்று கூறவேண்டும். பணியிடையே எழுதப்பட்ட படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், பணிகொடுத்தார்க்கே உரியது என்று அதே பதிப்புரிமைச் சட்டம் விதிக்கின்றது. எழுதினவனும் உடையவன் அல்லன். வாங்கினவனும் உடையவன் அல்லன். பெயர் தெரியாத சங்கப் புலவர்க்கு அவர்தம் பாடலின் தொடரையேனும் பெயராகத் தந்து செம்புலப்பெயனீரார் என்று போற்றினோம். மின்வண்டிக்கு நிரல் எழுதிய ஓசூர் இளைஞனுக்கு அதுவும் இல்லை.

லைசென்ஸையே மாற்று வழியில் ஆண்டோரும் உளர். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், அதன் பொது லைசென்ஸும் நிரலைப் பயில, திருத்த, பகிர இசைகின்றன. இவ்வகை நிரலைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்பர். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் அச்சொல்லைப் பரப்பியவற்றுள் ஒன்று. இலவசம் என்று மயங்காமற் காத்தமை இச்சொல்லின் நன்மை. எனினும் பொருத்தம் முழுமையன்று. திருத்திய நிரலைப் பிறர்க்குத் தருவான், தான் பெற்ற அதே உரிமைகளை அவர்க்கும் தரவேண்டும் என்னும் உறுதியான கட்டு அந்த லைசென்ஸில் உண்டு. அக்கட்டே அதன் உயிர். கட்டின் மேல் நிற்பதைக் கட்டற்றது என்றல் எங்ஙனம்? கன்னடர் 'சுவதந்திர' என்று உடன்பாட்டாற் கூறினர். லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்து 1959இல் இராஜாஜி தொடங்கிய கட்சியின் பெயரும் அதுவே என்பது தற்செயலாயினும் சுவையுடைத்து.

சொல்லாராய்ச்சி இத்துணை வேண்டுமோ எனின், வேண்டும் என்போம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரற்படியை முறையாகப் பெற்றவன் இழப்புக்கு அஞ்சிக் காப்புப்படி எடுத்தலையும், நிரலின் அடிப்படைக் கருத்தை அறிய அதன் இயக்கத்தை நோக்கிப் பயிலுதலையும் குற்றம் அன்று என ஒதுக்கியுள்ளது. பழுது பார்க்கும் உரிமைக்கென நடுவணரசு 2022இல் அமைத்த திட்டத்துள் வண்டிகளும் அடங்குகின்றன. இவை நிறுவனம் வழங்கியன அல்ல. நிறுவனத்தின் முறிக்கே உரிமம் என்று பெயரிட்டுவிட்டால், சட்டம் தந்த இவ்வுரிமைகளும் நிறுவனத்தின் கொடை போலத் தோன்றும்; புளியமரத்தடிப் பட்டறைக்காரன் தனக்கு உள்ளதையும் இல்லையென்று அஞ்சி விடுவான். ஆதலின் மென்பொருள் முறியை இசைவு என்றோ இசைவுமுறி என்றோ வழங்கி, உரிமை என்னும் சொல்லை இவ்வுரிமைகட்கே விடுதல் தகும்.

ஓட்டுநர் உரிமம் முதலியன வழக்கில் ஊன்றிவிட்டன. அவற்றைப் பெயர்க்க யாம் முனையவில்லை. மென்பொருளின்கண் இன்னும் இடம் உண்டு. பாடநூல்களிலும் விண்ணப்பப் படிவங்களிலும் உரிமம் அமர்ந்துவிட்டதேனும், ஓசூர்ப் பட்டறைகளுள் அச்சொல் நுழையவில்லை. அங்கே இராஜாஜி வழங்கியவாறே 'லைசென்ஸ்' என்கின்றனர்.